பீடி தொடாத பாட்டிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

திரையில் நாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் போதும், மூலையில் எச்சரிக்கை வாசகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2012 முதல் இது சட்டப்படி கட்டாயம். அதே படத்தில் நாயகனின் அம்மா விறகடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்து, ஊதாங்குழலால் ஊதி ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டே மகனுக்குச் சோறு பொங்குவார். அங்கே வாசகம் எதுவும் வராது. வயலின்தான் வரும். அடுப்புப் புகையைத் தாய்ப்பாசத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நுரையீரலுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. எந்தப் புகை போனாலும் அது ஒரே கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது.

அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று 2018-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு சொல்லிவிட்டது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் சி.ஓ.பி.டி., 1990-ல் இந்தியாவில் 2.81 கோடிப் பேருக்கு இருந்தது. 2016-ல் அது 5.53 கோடி ஆகிவிட்டது. ஜனத்தொகை கூடியதும் ஆயுள் நீண்டதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் இதயநோய்க்கு அடுத்தபடியாக இந்தியர்களை அதிகம் கொல்லும் நோய் இதுதான் என்று அந்த மதிப்பீடு சொன்னபோது, எந்தத் தொலைக்காட்சியிலும் விவாதம் நடந்ததாக நினைவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த நோய் உண்டாக்கும் பாதிப்பில் புகையிலையின் பங்கு 25.4 சதவீதம். வேலையிடத்துத் தூசு, புகையின் பங்கு 16.5 சதவீதம். காற்று மாசின் பங்கு 53.7 சதவீதம்! வீட்டு அடுப்புப் புகையும் வெளிக்காற்றின் அழுக்கும் இதில் சேர்ந்தவை. பணக்கார நாடுகளில் சி.ஓ.பி.டி. நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புகையிலையே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான். நோய் ஒன்றே என்றாலும் அது வரும் வழி வேறு. நாமோ அவர்களுடைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘சிகரெட் பழக்கம் உண்டா?’ என்று கேட்கிறோம். ‘இல்லை’ என்ற பதில் வந்ததும் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுகிறோம்.

பப்பாளிப் பால் சொன்ன ரகசியம்

எம்ஃபைசீமா என்பது சி.ஓ.பி.டி.யின் ஒரு முகம். இன்னொரு முகம் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. வருடக் கணக்கில் இருமல், காலையில் எழுந்ததும் சளி, குழாயின் உட்சுவர் தடித்துப் போவது எல்லாம் இதைச் சேர்ந்தவை. பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும். ஆனால், போனால் திரும்ப வராதது எம்ஃபைசீமாவில் போவதுதான்.

நுரையீரலின் கடைக்கோடியில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வரும். ரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவைக் கொடுப்பது இந்தப் பரப்பில்தான். எம்ஃபைசீமாவில் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் அரிக்கப்பட்டு, பத்து சிறிய அறைகள் ஒரு பெரிய பொத்தலாகின்றன. இடம் பெரிதாகிறது, சுவர்ப்பரப்பு குறைகிறது.

சுவரை அரிப்பது எது? 1963-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் கார்ல்-பெர்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் என்ற இருவர் ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரின் ரத்தத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் அநேகமாக இல்லவே இல்லை. அந்த ஐவரில் மூவருக்கு எம்ஃபைசீமா இருந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு குழு எலிகளின் நுரையீரலுக்குள் பப்பாயின் என்ற நொதியைச் செலுத்தியது. பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கப்படும் நொதி அது. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதில் வேலை செய்வதும் இதே நொதிதான். அந்த எலிகளுக்கு எம்ஃபைசீமா வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது கதை புரிந்தது. கிருமிகளை அழிப்பதற்காக நம் வெள்ளையணுக்கள் புரதத்தை அரிக்கும் நொதிகளை வைத்திருக்கின்றன. அவை சொந்தச் சுவரையே தின்றுவிடாமல் காவல் காப்பது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். பிறவியிலேயே இந்தக் காவல் இல்லாதவர்கள் சிலர் உண்டு. மற்றவர்களிடம் அந்தக் காவலைக் குலைப்பது புகை. புகை வெள்ளையணுக்களை நுரையீரலுக்குள் கூட்டம் கூட்டமாக வரவழைக்கிறது, கூடவே காவல் புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. ஆக, நுரையீரல் சுவரைப் புகை நேரடியாகப் பொசுக்குவதில்லை. நம் படையைக் கொண்டே நம் வீட்டை இடிக்கிறது.

சுவரோடு சேர்ந்து போவது எலாஸ்டின் என்ற இழுவை நார். மூச்சை உள்ளே இழுக்கத்தான் தசை உழைக்க வேண்டும். வெளியே விடும் வேலையை இந்த நார் தானாகவே பார்த்துக்கொள்ளும். அது போய்விட்டால் நுரையீரல் துவைத்துத் துவைத்து இழுவை போன பனியனைப் போலத் தொளதொளத்துவிடும். விரிந்தது சுருங்காது. மூச்சு விடும்போது சின்னக் குழாய்கள் ஒட்டிக்கொள்ளும். பழைய காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ‘மூச்சு உள்ளே போகவே மாட்டேங்குது டாக்டர்’ என்பார் நோயாளி. உண்மையில் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாததால்தான் புதுக் காற்றுக்கு இடமில்லை. நாளடைவில் நெஞ்சுக்கூடு பீப்பாய்போல உருண்டுவிடும், உதரவிதானம் தட்டையாகிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நோயாளி உதட்டைக் குவித்து, ஊதுவதுபோல மூச்சை விடத் தொடங்குவார். குவித்த உதடு உண்டாக்கும் எதிர் அழுத்தம் குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. மருத்துவமனைகளில் மூச்சுப் பயிற்சியாகக் கற்றுத்தரும் பாடத்தைப் பல பாட்டிகள் திண்ணையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஸ்டெதஸ்கோப்பை 1816-ல் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக், 1819-ல் வெளியிட்ட நூலில் எம்ஃபைசீமாவை விவரித்திருக்கிறார். இறந்தவரின் நெஞ்சைத் திறந்தால் சாதாரண நுரையீரல் சுருங்கிவிடும், இந்த நுரையீரல் சுருங்காமல் புடைத்துக்கொண்டு நிற்கும் என்று கவனித்தவர் அவர். சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தது அதற்கு 60 ஆண்டுகளுக்குப் பிறகுதான். சிகரெட் ஊருக்குள் வருவதற்கு முன்பே இந்த நோய் இருந்தது என்பதை நாம் மறந்தேபோனோம்.

அடுப்படியிலிருந்து ஆரம்பம்

கிர்க் ஸ்மித் என்று ஓர் அமெரிக்கர். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர், 2020-ல் காலமானார். 1980-களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களின் சமையலறைகளுக்குள் கருவியோடு நுழைந்து காற்றை அளந்தவர். அதற்கு முன் காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கியும் கார் சைலன்சரும்தான். ஒரு விறகடுப்பு ஒரு மணி நேரத்தில் விடும் புகை 400 சிகரெட்டுக்குச் சமம் என்பது அவர் அடிக்கடி சொன்ன ஒப்பீடு. அவரது வழியில் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக அடுப்புப் புகையை ஆராய்ந்துவருகிறார் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். இந்தத் துறையில் உலக அளவில் மதிக்கப்படும் பெயர். நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்பனாவின் குழுவினர் 2007-ல் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், 30 வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களின் மூச்சை அளந்தார்கள். 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்பவர்களிடம் அது 3 சதவீதம். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: விறகு எரிப்பவர்களுக்கும் எரிவாயு உபயோகிப்பவர்களுக்கும் இடையே அந்த ஆய்வில் தெரிந்த வித்தியாசம் சிறியது, புள்ளியியல்படி உறுதியானதும் அல்ல. இதை வைத்து ‘விறகால் ஒன்றுமில்லை’ என்று வாதாடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இன்று சிலிண்டர் வைத்திருக்கும் அம்மா, நேற்றுவரை சுள்ளி பொறுக்கியவர்தானே?

அடுப்பை மாற்றினால் உடனே எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து, 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். அவர்கள் சுவாசித்த புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால், குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த உயர்வு வரவில்லை என்று 2022-ல் முடிவு வெளியானது. பல பேருக்கு ஏமாற்றம். என் பார்வையில், வாழ்நாள் முழுக்கச் சேர்ந்த புகைக்குச் சில மாத சிலிண்டர் விடை சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பதே அவசரம்.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதற்குச் சீனாவில் பதில் இருக்கிறது. யுனான் மாகாணத்து ஷுவான்வெய் பகுதியில் வீட்டுக்குள் குழி தோண்டி நிலக்கரி எரிப்பார்கள், புகை போக வழியே கிடையாது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. எரிபொருள் அதேதான், புகை மட்டும் கூரைக்கு வெளியே போனது. 20,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2005-ல் வெளியானது. புகைபோக்கி வைத்த வீடுகளில் சி.ஓ.பி.டி. வரும் வாய்ப்பு ஆண்களிடம் 42 சதவீதமும் பெண்களிடம் 25 சதவீதமும் குறைந்திருந்தது. இந்தப் பலன் ஐயத்துக்கு இடமின்றித் தெரியச் சுமார் 10 ஆண்டுகள் ஆகியிருந்தன. கூரைக்கு மேலே போகும் ஒரு தகரக் குழாய் செய்த வேலை இது!

தமிழ்நாட்டில் 2006–11 ஆட்சிக் காலத்தில் இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தார்கள். மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016-ல் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால், கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். உள்ளே சிலிண்டர் இருக்கும், வெளியே வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தென்னை மட்டை, பாளை, பருத்திமார், சீமைக் கருவேல முள் எல்லாம் சும்மா கிடைப்பவை. சிலிண்டருக்குக் காசு வேண்டும். மாதக் கடைசியில் சோறு மறுபடியும் விறகுக்குப் போய்விடும். ‘உஜ்வலா இணைப்பு எத்தனை?’ என்ற கணக்கு நிறையப் பேரிடம் இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்கினார்கள் என்பதுதான் நுரையீரல் பார்க்கும் கணக்கு.

இதற்கு நடுவே படுக்கையறையில் கொசுவத்தி. சீன, மலேசியக் கொசுவத்திகளை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் நுண்துகளுக்குச் சமமாம். ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் ஏற்றிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம்.

பீடிக்கு நற்சான்று கொடுக்கவில்லை

இவ்வளவு சொல்லிவிட்டதால் புகையிலைக்குப் பாவமன்னிப்பு கொடுத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். தனி ஒருவர் தன் கையாலேயே தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. இந்தியாவில் சிகரெட்டைவிட பீடிதான் அதிகம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 7.7 சதவீதம் பேர் பீடியும், 4 சதவீதம் பேர் சிகரெட்டும் பிடிக்கிறார்கள். ‘இலையில் சுத்தினதுதானே, சிகரெட் மாதிரி கெமிக்கல் இல்லையே’ என்று டீக்கடை பெஞ்சில் ஒருவர் எப்போதும் சொல்வார். பீடியில் புகையிலைத் தூள் குறைவுதான். ஆனால், அந்த இலை காகிதத்தைப் போலக் காற்றை விடாது. அடிக்கடி, ஆழமாக இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. அந்த பீடியைச் சுற்றும் தென்காசி, திருநெல்வேலிப் பெண்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிப்பது தனிக் கதை.

‘முப்பது வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன?’ என்ற கேள்விக்கு லண்டனில் பதில் கிடைத்தது. சார்லஸ் பிளெட்சர், ரிச்சர்ட் பீட்டோ இருவரும் 792 ஆண்களின் மூச்சுத்திறனை 8 ஆண்டுகள் அளந்து 1970-களில் எழுதினார்கள். எல்லாருக்கும் வயது ஏற ஏற மூச்சுத்திறன் மெல்லக் குறையும். புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சரிவில் உருளும். நிறுத்தினால் இழந்தது திரும்பாது, ஆனால் சரிவு ஏறக்குறைய சாதாரண வேகத்துக்கு வந்துவிடும். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்த இன்னோர் ஆய்வு 60 வயதில் விட்டால்கூடச் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிச்சம் என்றது. 40-ல் விட்டால் 9 ஆண்டு.

விட்டவர்களுக்கும் வருவதுண்டு. ‘ஸ்டார் டிரெக்’ புகழ் லெனார்ட் நிமாய் சிகரெட்டை விட்டு 30 ஆண்டு கழித்து இந்த நோய் இருப்பதாக அறிவித்தார், 2015-ல் இறந்தார். இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2024-ல் தனக்கு எம்ஃபைசீமா என்று சொன்னார், அடுத்த ஜனவரியில் மறைந்தார். நம் பக்கத்தில், மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா நீண்ட காலம் சி.ஓ.பி.டி.யோடு போராடி 2024 ஆகஸ்டில் காலமானார். பிரபலங்களின் பட்டியலைத் தேடினால் இப்படி ஆண்களாகவும் புகைபிடித்தவர்களாகவுமே வருவார்கள். அடுப்படியில் மூச்சை விட்டவர்களுக்கு இரங்கல் செய்தி வருவதில்லை. இறப்புச் சான்றிதழிலும் ‘முதுமை’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோ எழுதிவிடுவார்கள்.

ஒரே புகையில் நிற்கும் எல்லாருக்கும் ஏன் வருவதில்லை? இதற்கான விடை குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டும்வரை நுரையீரல் வளர்ந்துகொண்டே இருக்கும். எடை குறைந்து பிறந்தவர்கள், சின்ன வயதில் அடிக்கடி நெஞ்சுச்சளியில் விழுந்தவர்கள், இடுப்பில் இருந்தபடியே அடுப்புப் புகையைச் சுவாசித்தவர்கள் முழு அளவு நுரையீரலை எட்டுவதே இல்லை. குறைந்த முதலோடு தொடங்கியவருக்குச் சாதாரணச் செலவே கடனில் கொண்டுவிடும். சி.ஓ.பி.டி. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இளமையிலேயே குறைவான மூச்சுத்திறனோடு தொடங்கியவர்கள் என்று 2015-ல் வந்த ஆய்வு காட்டியது. அறுபதில் வெளிப்படும் நோயின் விதை இரண்டு வயதில் விழுந்திருக்கலாம்.

அடுத்து காசநோய். தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசம் என்றால் சாவு. இன்று ஆறு மாத மாத்திரையில் கிருமி போய்விடுகிறது. சளியில் கிருமி இல்லை என்று எழுதி அட்டையை மூடிவிடுகிறோம். ஆனால், கிருமி விட்டுப்போன தழும்பு அப்படியே இருக்கும். குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் கோணலாகிவிடும். ‘காசம் குணமானவர்’ ஐந்து வருடத்தில் மூச்சிரைப்போடு திரும்பி வருகிறார். அவரைக் கவனிக்கத் தனித் திட்டம் கிடையாது.

வேலையிடங்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். கோவைப் பஞ்சாலைகளில் ஒரு தலைமுறைத் தொழிலாளர்களுக்குத் தெரிந்த சங்கதி: ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷிஃப்டுக்குள் நுழைந்தால் நெஞ்சு இறுக்கும், வாரக் கடைசியில் கொஞ்சம் தேவலாம் போலிருக்கும். பஞ்சுத் தூசால் வரும் பிசினோசிஸ் நோயின் குணம் அது. இ.எஸ்.ஐ. சட்டம் இதைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்களும், செங்கல் சூளையிலும் கல்குவாரி கிரஷரிலும் நிற்கிறவர்களும் எந்தச் சட்ட அட்டவணையைத் தேடிப் போவார்கள்? பெரும்பாலும் அவர்களுக்கு வருகைப் பதிவேடே இருக்காது.

‘வயசாச்சுல்ல…’

இந்த நோய் தலைமறைவாக வாழ்வது இந்த ஒரு சொல்லுக்குள்தான். முதலில் மாடிப்படியில் நிற்பார். பிறகு சந்தைக்கு நடந்துபோவதை நிறுத்துவார். ‘முன்ன மாதிரி முடியல’ என்பார், வீட்டாரும் தலையாட்டுவார்கள். உடம்பு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவதால் நோய் தெரிவதில்லை. மூச்சுத்திறனில் பாதி போன பிறகுதான் பலர் டாக்டரிடம் வருகிறார்கள்.

அதன்பின் வாழ்க்கை சுருங்கும் விதம் விசித்திரமானது. நடப்பதைவிடக் கடினம், கையைத் தலைக்கு மேலே தூக்குவது. குளித்துத் தலை துவட்டுவதும் தலை சீவுவதும் பெரிய வேலையாகிவிடும். காரணம், தோள், கழுத்துத் தசைகளும் மூச்சுக்காக உழைத்துக்கொண்டிருக்கின்றன, கையைத் தூக்கினால் அந்த உதவி போய்விடும். வயிறு நிறையச் சாப்பிட்டால் உதரவிதானம் நெரியும், அதனால் சாப்பாடு குறையும். மூச்சு விடுவதற்கே சக்தி செலவாவதால் உடல் இளைக்கும். படுத்தால் முட்டும், தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே விடியும். நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போனால் கால் வீங்கும். கரியமில வாயு தேங்கினால் காலையில் தலைவலி, பகலில் தூக்கம். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது தனிமை. நாலு பேர் நடுவே இருமிச் சளி துப்ப வேண்டியிருக்குமே என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். பேரனோடு பேசினாலே மூச்சு வாங்கும் என்பதால் போனையும் எடுப்பதில்லை. மனச்சோர்வும் இந்த நோயின் அறிகுறிதான், யாரும் கேட்பதில்லை.

மார்கழிப் பனியிலோ ஒரு சாதாரண ஜலதோஷத்திலோ நோய் திடீரென முற்றும். ‘வீசிங்’ என்று ஆட்டோவில் கொண்டுபோவார்கள். ஓர் ஊசி, நெபுலைசர், நாலு நாள் மாத்திரை, வீடு. அடுத்த மாதம் மறுபடியும். ஒவ்வொரு முற்றலும் நுரையீரலை ஒரு படி கீழே இறக்கிவிட்டுத்தான் போகிறது. ஆண்டுக்கொரு ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் இதைக் குறைக்கும் என்று எத்தனை நோயாளிகளுக்குச் சொல்கிறோம்?

கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்சிஜன் கருவி வந்துவிட்டது. அதில் ஓர் எச்சரிக்கை. சி.ஓ.பி.டி. முற்றியவருக்கு ‘நிறைய வைத்தால் நல்லது’ என்று திருகைத் திறந்துவிடக் கூடாது. கரியமில வாயு ஏறி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். இவர்களுக்கு விரல்நுனிக் கருவியில் 88 முதல் 92 காட்டினால் போதும். டாஸ்மேனியாவில் ஆம்புலன்சிலேயே இப்படி அளந்து கொடுத்துப் பார்த்தபோது சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. மறுபுறம், ரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதுமே மிகக் குறைவாக இருப்பவர்கள் தினமும் குறைந்தது 15 மணி நேரம் அளவோடு வைத்துக்கொண்டால் ஆயுள் நீளும் என்பது 1980-களின் தொடக்கத்திலேயே நிரூபணமானது. எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

‘பம்பு வச்சா விடவே முடியாதாமே’ என்பது நம்மூரின் தீராத பயம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்கவைக்கும், இன்ஹேலர் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகும். இப்போது நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலர் மருந்துகள்தான் சிகிச்சையின் அடிப்படை. 2024-ல் அமெரிக்காவில் சி.ஓ.பி.டி.க்குப் புது மருந்துகள் அனுமதி பெற்றன, விலை நமக்கு எட்டாது. இவற்றையெல்லாம்விடக் குறைவாகப் பேசப்படும் வைத்தியம் ஒன்று உண்டு: பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் சில வாரங்கள் நடை, தசைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. நுரையீரல் மாறாது, ஆனால் அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் நடக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முதல் படி அளப்பது. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேயர் 1846-லேயே மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரைச் செய்துவிட்டார். ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. பின்னால் வந்தது ஆரம்ப சுகாதார நிலையம்வரை போய்விட்டது. முன்னால் வந்தது இன்னும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் நெஞ்சக நோய் நிபுணர்களையும் தாண்டி இறங்கவில்லை. சோதனை எளிது. மூச்சை நிறைய இழுத்து, ஒரே ஊதாக வேகமாக ஊத வேண்டும். மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியே வந்தது எவ்வளவு என்று கருவி பார்க்கும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதி. சிலர் எக்ஸ்ரே நன்றாயிருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். தொடக்க நிலை சி.ஓ.பி.டி. எக்ஸ்ரேயில் தெரியாது.

2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி.யும் சுகரும் பார்க்கிறார்கள். இந்தியாவுக்கே வழிகாட்டிய திட்டம். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டமும் இப்போது சி.ஓ.பி.டி.யைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படியானால் அந்த வாசலில் நிற்கும் தன்னார்வலர் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எத்தனை வருடம் விறகு எரித்தீர்கள்? காசநோய் வந்ததுண்டா? சம வயதுக்காரரோடு சமதரையில் நடந்தால் பின்தங்குகிறீர்களா? ‘ஆம்’ என்பவர்களை ஊத வைக்க ஒன்றியத்துக்கு ஒரு ஸ்பைரோமீட்டரும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் வேண்டும். ஒரு மாநில அரசால் முடியாத செலவல்ல இது.

அரசு செய்யும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவிடம் ‘மூச்சு வாங்குதா?’ என்று கேட்காதீர்கள், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்றுதான் சொல்வார். கூடவே ஒரு மாடி ஏறிப் பாருங்கள். நடுவில் நின்றார் என்றால், அடுத்த முறை சுகர் பார்க்கப் போகும்போது ஸ்பைரோமெட்ரி சோதனைக்கு எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். அப்பா இன்னும் பீடியை விடவில்லை என்றால், தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது.